வீடு திரும்பியவரின் மணம்



எங்கள் புதூர், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் பூமியில் இருக்கிறது. உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் மல்லியும் மிளகாயும் விளையும் மண். விளைந்ததை நல்ல விலை வரும்வரை மூட்டை கட்டி வீட்டிலேயே அடுக்கிவைப்பது இங்கே பல குடும்பங்களின் வழக்கம். மூட்டை உள்ள வீட்டிற்கு எலி வரும். எலி வரும் வீட்டில் பூனை இருக்கும். ஆகவே எங்கள் பக்கம் பூனை வளர்ப்பது நகரத்தார் செய்வது போன்ற பொழுதுபோக்கு அன்று. அது வீட்டு வேலையில் பங்கெடுக்கும் ஓர் உயிர்.

நமது மார்க்கமும் பூனைக்கு வீட்டிற்குள் ஓர் இடத்தைத் தந்திருக்கிறது. நபித்தோழர் அபூ கத்தாதா (ரலி) அவர்களுக்கு அவர்களுடைய மருமகள் கப்ஷா (ரஹ்) ஒளூச் செய்யத் தண்ணீர் எடுத்துவைத்தார்கள். அப்போது ஒரு பூனை வந்து அதில் வாய் வைக்க முயன்றது. அபூ கத்தாதா (ரலி) அவர்கள் அதனை விரட்டவில்லை. அது வசதியாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் வியப்போடு பார்த்தபோது, பூனை அசுத்தமானது அன்று, அது உங்களைச் சுற்றி வந்துகொண்டிருக்கும் உயிர்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய கருத்தை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இந்தச் செய்தி பதிவாகியிருக்கிறது. மக்தபில் ஃபிக்ஹுப் பாடம் நடத்தும்போது எச்சில் நீரின் சட்டத்திற்கு ஆதாரமாக இதனை ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் "சுற்றி வருபவை" என்னும் அந்தச் சொல்லின் ஆழத்தை, எங்கள் வீட்டில் சுற்றி வந்த இரண்டு பூனைகள் ஒன்றையொன்று கடித்துக் குதறத் தொடங்கிய நாட்களில்தான் உணர்ந்தோம்.

ஒரே வயிற்றில் பிறந்தவை

எங்கள் வீட்டில் இரண்டு பெட்டைப் பூனைகள். இரண்டும் உளுந்து மூட்டைகளுக்குப் பின்னால் ஒரே ஈற்றில் பிறந்தவை. வெள்ளையாக இருப்பது வெள்ளச்சி. சாம்பல் நிறத்தில் இருப்பது சாம்பி. இரண்டு ஆண்டுகளாக ஒரே சாக்கில் சுருண்டு உறங்கி, ஒரே தட்டில் உண்டு, ஒன்றின் காதை மற்றொன்று நக்கிச் சுத்தம் செய்து வளர்ந்தவை.

இந்த மாசியில், களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்த நாட்களில், தெருவில் திரியும் ஒரு கடுவன் வெள்ளச்சியின் வாலடியில் கடித்துவிட்டது. மேலே காயம் ஆறியது போலத் தெரிந்தது. உள்ளே சீழ் கட்டிக்கொண்டது. பூனையின் பல் ஊசி போன்றது. அது குத்திய துளை சீக்கிரமே மூடிக்கொள்ளும். உள்ளே புகுந்த கிருமி வெளியேற வழியின்றிக் கட்டியாகும். வெள்ளச்சி சோறு தொடாமல் மூலையில் முடங்கியது. எங்கள் தம்பி அதனைக் காய்கறிக் கூடைக்குள் வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டி, ஆட்டோவில் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனார். மாட்டாஸ்பத்திரி என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். ஆனால் அங்கே ஆடும் கோழியும் நாயும் பூனையும் வரிசையில் நிற்கும். மருத்துவர் மயக்க ஊசி போட்டுக் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றி, மருந்து வைத்து, மாலையில் அனுப்பிவைத்தார்.

அஸருக்குப் பிறகு கூடை வீட்டிற்கு வந்தது. சாம்பி ஓடிவந்து முகர்ந்தது. மறுநொடியே பின்வாங்கி, முதுகு வளைத்து, வால் புடைத்துச் சீறியது. வெள்ளச்சி தள்ளாடியபடி ஓர் அடி வைத்ததும் முகத்தில் அறைந்தது. வெள்ளச்சி கட்டிலுக்கடியில் புகுந்தது. சாம்பி அதன் வாசலில் உட்கார்ந்து இரவு முழுவதும் உறுமியது. மறுநாள் காலையில் இரண்டும் முற்றத்தில் கட்டிப் புரண்டன. வெள்ளை மயிரும் சாம்பல் மயிரும் பஞ்சாகப் பறந்தன. "நோய் தீர்ந்து வந்தவளைக் கூடப் பிறந்தவளே விரட்டுறாளே" என்று எங்கள் தாயார் கண் கலங்கினார்கள். பக்கத்து வீட்டார், இனி இரண்டும் சேரா, ஒன்றைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுவாருங்கள் என்றார்கள்.

ஏன் தெரியவில்லை?

மக்தபுப் பிள்ளைகளிடமும் இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. ஒரு சிறுவன் கேட்டான்: "ஹஜ்ரத், ஒரு நாள்தானே வெளிய போயிட்டு வந்துச்சு? அதுக்குள்ள அக்காவ மறந்துருமா?"

நல்ல கேள்வி. பூனை மறக்கவில்லை, பூனைக்கு ஆளைக் காட்டும் முதன்மையான அடையாளம் முகம் அன்று, மணம். அதன் கன்னத்திலும் தாடையிலும் நெற்றியிலும் வாலடியிலும் பாதங்களிலும் மணம் சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. நம் காலில் கன்னத்தை உரசுகிறதே, கதவு நிலையில் தேய்க்கிறதே, அது கொஞ்சல் மட்டுமன்று. தன் மணத்தைப் பூசிவைக்கிறது. சேர்ந்து வாழும் பூனைகள் ஒன்றோடொன்று உரசியும் நக்கியும் தமக்குப் பொதுவான ஒரு மணத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்தக் கூட்டு மணம்தான் அவற்றின் குடும்ப அட்டை. மேல்வாய்ப் பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில் திறக்கும் ஒரு தனி உறுப்பும் பூனைக்கு உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் என்னும் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை விவரித்ததால் அது ஜேக்கப்சன் உறுப்பு எனப்படுகிறது. பூனை எதையேனும் முகர்ந்துவிட்டு மேலுதட்டைச் சற்றே தூக்கி, வாயைப் பாதி திறந்தபடி திகைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அது மணத்தை அந்த உறுப்பிற்குச் செலுத்திக்கொண்டிருக்கிறது.

இப்போது வெள்ளச்சியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதன் மேல் ஸ்பிரிட்டின் நெடி, மருந்தின் நெடி, அறியாத கைகளின் மணம், வரிசையில் நின்ற நாய்களின் மணம், அது அங்கே அடைந்த அச்சத்தின் மணம். மயக்க மருந்தால் நடையும் மாறியிருந்தது, கண்மணியும் விரிந்திருந்தது. பார்வைக்கு வெள்ளச்சி, மணத்திற்கோ முன்பின் அறியாத ஓர் உயிர். சாம்பி தன் சகோதரியைத் தாக்கவில்லை. சகோதரியின் உருவில் வீட்டிற்குள் நுழைந்த அந்நியரிடமிருந்து வீட்டைக் காக்க முயன்றது. உலகெங்கும் பூனை வளர்ப்போர் காணும் நிகழ்ச்சி இது என்றும், அடையாளம் காணாமையால் எழும் ஆவேசம் என்றே இதற்குப் பெயர் உண்டு என்றும் மருத்துவர் தொலைபேசியில் விளக்கினார்.

இதற்கு இன்னுமொரு காரணமும் சேர்கிறது. நாயின் முன்னோர் கூட்டமாக வேட்டையாடியவை. சண்டையிட்டால் சமாதானம் செய்துகொள்ளும் சைகைகள் அவற்றிடம் நிறைய உண்டு. வீட்டுப் பூனையின் முன்னோரோ மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் தனித்துத் திரிந்த காட்டுப் பூனைகள். மனிதன் தானியம் சேமிக்கத் தொடங்கிய பிறகே, எலியைத் தேடி அவை நம் களஞ்சியங்களுக்கு வந்தன. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதருக்கு அருகே புதைக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புகளைக் கண்டெடுத்ததாக 2004-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மனிதனோடு அத்தனை காலம் வாழ்ந்தும், சண்டைக்குப் பின் சமாதானம் பேசும் மொழி பூனைக்கு அதிகம் வாய்க்கவில்லை. ஆகவே தானாகவே சேர்ந்துவிடும் என்று இரண்டையும் ஒரே அறையில் விடுவது பல வேளைகளில் பகையை வளர்க்கும். இடையில் ஒருவர் நின்று சேர்த்துவைக்க வேண்டும்.

சிறுவனுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவூட்டினோம். சகோதரர்கள் மிஸ்ரில் அவர்களின் முன்னிலையில் நின்றார்கள்; முகத்தைப் பார்த்தார்கள்; பேச்சைக் கேட்டார்கள்; ஆனால் அடையாளம் காணவில்லை. தொலைவில் இருந்த தந்தை யஅகூப் (அலை) அவர்களோ, மகனுடைய சட்டையைச் சுமந்த கூட்டம் புறப்பட்டதுமே யூஸுஃபின் வாடையை உணர்வதாகச் சொன்னார்கள். நபிமார்களின் நிலை வேறு. வாயில்லா உயிர்களின் நிலை வேறு. ஒன்றை மற்றொன்றுக்கு நாம் ஒப்பிடவில்லை. ஆயினும், கண் அறியாததை மணம் அறியும் என்பது நம் பிள்ளைகளுக்கு அந்த வரலாற்றின் வழியே எளிதில் புரிகிறது.

வீட்டில் இன்னொருவரும் திரும்பியிருந்தார்

வெள்ளச்சியைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோன தம்பி, அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் தம்மாமிலிருந்து வந்திருந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த இரண்டு மாத விடுப்பு. அவர் புறப்பட்டபோது அவருடைய மகளுக்கு ஒரு வயது நிறையவில்லை. இப்போது நான்கு வயதை நெருங்குகிறாள்.

அந்தப் பிள்ளைக்குத் தன் தந்தையைத் தெரியாமல் இல்லை. நாள்தோறும் இரவில் கைபேசித் திரையில் பார்த்திருக்கிறாள், முத்தம் கொடுத்திருக்கிறாள். ஆனால் வாசலில் வந்து இறங்கிய மனிதரைக் கண்டதும் தாயின் துப்பட்டிக்குள் ஒளிந்துகொண்டாள். அவர் தூக்கினால் கத்தினாள். அவர் வாங்கிவந்த பொம்மையைத் தொடவில்லை. ஒரு நாள் அவர் மடியில் உட்காரச் சொல்லி அழைத்தபோது, கைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தாள். "பெரியத்தா, எங்க அத்தா இதுக்குள்ள இருக்காங்க. அவங்கள போகச் சொல்லுங்க" என்றாள்.

தம்பி அதனைக் கேட்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு இஷாத் தொழுதுவிட்டு வரும் வழியில், "விடுப்ப முடிக்காமலே கிளம்பிரலாமான்னு இருக்குண்ணே. அங்க இருந்தாலாவது போன்ல பேசுவா" என்றார். பாலைவனத்து வெயிலில் அவர் உழைப்பதே அந்தப் பிள்ளைக்காகத்தான். அவர் மனத்தின் பாரம் எங்களுக்கும் தெரிந்திருந்தது; அதனை இறக்கிவைக்கும் வழிதான் தெரியவில்லை.

வளைகுடாவில் உழைக்கும் தந்தையர் உள்ள குடும்பங்களுக்கு இது புதிய செய்தி அன்று. பிள்ளைக்குக் கொழுப்பு என்று சிலர் சொல்வார்கள். தாய் சரியாகச் சொல்லி வளர்க்கவில்லை என்று சிலர் மருமகளைக் குறை கூறுவார்கள். இரண்டும் அநீதி. திரையில் உருவமும் குரலும் வரும். வியர்வையின் மணம் வராது, கையின் சூடு வராது, சட்டையின் சொரசொரப்பு வராது. பிள்ளை தெரிந்துவைத்திருந்தது ஒரு படத்தை. வந்து நின்றவரோ ஓர் ஆள்.

துணி சுமந்த தூது

பூனைகளுக்கு மருத்துவர் சொன்ன வழி எளியது. ஆனால் பொறுமை வேண்டியது. முதலில் இரண்டையும் பிரிக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைப் பார்க்கக்கூடாது. வெள்ளச்சியை மூட்டை அறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். தனித் தண்ணீர், தனித் தட்டு, மலம் கழிக்க மணல் நிரப்பிய தனித் தட்டம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி.

இங்கே எங்கள் தாயாருக்கு ஓர் ஐயம் எழுந்தது. பூனையைக் கட்டிவைத்த பெண் நரகம் புகுந்தாள் என்று ஹதீஸில் வருகிறதே, இப்படி அடைத்துவைக்கலாமா என்று கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள அந்தச் செய்தியின் கருத்தை உற்றுநோக்க வேண்டும். அந்தப் பெண் பூனைக்கு உணவும் தரவில்லை. தானாக இரை தேடிக்கொள்ளும்படி அதனை அவிழ்த்துவிடவும் இல்லை. அது சாகும்வரை அடைத்துவைத்தாள். அவள் மீது குற்றம் விழுந்தது அந்தக் கொடுமையால்தான். காயம் ஆறவும் சண்டை தணியவும், உணவும் நீரும் காற்றும் கவனிப்பும் குறையாமல் சில நாள் தனியே வைப்பது பாதுகாப்பாகும். சாக்கில் கட்டி அறியாத சந்தையில் விட்டுவிடுவதே அந்தப் பெண்ணின் செயலுக்கு அருகில் போவதாகும். இதனைச் சொன்னதும் தாயாரின் மனம் அமைதியடைந்தது.

அடுத்தது மணத்தைப் பரிமாறுவது. சுத்தமான ஒரு துணியால் வெள்ளச்சியின் கன்னத்தையும் தாடையையும் மெல்லத் தடவி, அந்தத் துணியைச் சாம்பி உண்ணும் இடத்திற்குச் சற்றுத் தள்ளிப் போட வேண்டும். சாம்பியைத் தடவிய துணியை வெள்ளச்சியின் அறையில் போட வேண்டும். சீறினால் எடுத்துவிட்டு மறுநாள் மீண்டும் போட வேண்டும். துணியைக் கண்டும் கவலையின்றி உண்ணத் தொடங்கினால், சாத்திய கதவின் இரு பக்கமும் இரண்டு தட்டுகள். அங்கேயும் அமைதி என்றால் கதவை இரண்டு விரல் அளவு திறப்பது. அதன் பிறகே சிறிது நேரம் நேரில் பார்ப்பது. ஒரு படியில் சீற்றம் வந்தால் முந்திய படிக்கே திரும்ப வேண்டும். சில வீடுகளில் ஒன்றிரண்டு நாளில் முடியும். சில வீடுகளில் வாரக்கணக்கில் ஆகும்.

இந்த வேலையைத் தம்பி ஏற்றுக்கொண்டார். விடுப்பில் வந்தவருக்கு வீட்டில் வேறு வேலை இல்லை; கூடையைச் சுமந்துபோனவர் என்ற முறையில் வெள்ளச்சியும் அவரிடம் அமைதியாக இருந்தது. காலையிலும் மாலையிலும் துணியோடு அங்குமிங்கும் நடந்தார். பூனைகள் என்றால் உயிரை விடும் அந்தப் பிள்ளை, முதல் நாள் அடுக்களைக் கதவின் பின்னாலிருந்து பார்த்தாள். இரண்டாம் நாள் திண்ணை வரை வந்தாள். எங்கள் தாயார் தம்பியிடம் ஒரே ஒரு சொல்தான் சொன்னார்கள்: "நீயாக் கூப்பிடாத. உன் வேலையப் பாரு."

அவர் அப்படியே செய்தார். தரையில் உட்கார்ந்து துணியை மடித்தார். தட்டில் மீனை ஆய்ந்து முள் எடுத்து வைத்தார். பிள்ளையின் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சாம்பியைத் தடவிய துணி எது, வெள்ளச்சியைத் தடவிய துணி எது என்று அவருக்குக் குழப்பம் வந்தது. "பச்சத் துணி சாம்பிக்கு" என்று ஒரு குரல் திருத்தியது. தந்தையிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். அதன் பிறகு சாம்பியின் துணி அவள் பொறுப்பானது. கதவின் அந்தப் பக்கம் அவர் தட்டு வைப்பார்; இந்தப் பக்கம் அவள் வைப்பாள். இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் காலியானால் அவரிடம் ஓடிவந்து சொல்வாள்.

பதினெட்டாம் நாள் கதவு முழுவதும் திறந்தது. சாம்பி வெள்ளச்சியின் அருகே வந்து முகர்ந்தது, தும்மியது, பிறகு காதை நக்கத் தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ். பிள்ளை அதற்கு முன்பே தந்தையின் தோளில் ஏறியிருந்தாள். எந்த நாளில் ஏறினாள் என்று எங்களில் யாரும் குறித்துவைக்கவில்லை.

இஸ்லாஹ் என்னும் வேலை

இரண்டு பேருக்கு இடையே உள்ள உறவைச் சீர்செய்வது, உபரியான நோன்பு, தொழுகை, தர்மம் ஆகியவற்றின் தகுதியையும் விடச் சிறந்தது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததாக அபுத்தர்தா (ரலி) அவர்கள் வாயிலாக நமக்குக் கிடைத்திருக்கிறது. மக்களிடையே சமாதானம் செய்பவர் ஒருவரைப் பற்றி மற்றவரிடம் நன்மையானதை எடுத்துச் சொன்னால் அவர் பொய்யராக மாட்டார் என்ற கருத்தையும் உம்மு குல்ஸூம் பின்த் உக்பா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தம்பியின் கையில் அங்குமிங்கும் போய்வந்த அந்தத் துணியைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஹதீஸே எங்கள் நினைவிற்கு வந்தது. நேருக்கு நேர் நிற்க இன்னும் ஆயத்தமாகாத இருவரிடையே, ஒருவருடைய நல்ல மணத்தை மற்றவரிடம் கொண்டு சேர்ப்பதுதானே சமாதானம் செய்பவரின் வேலை?

கோள் சொல்பவனும் இதே வழியில்தான் நடக்கிறான். அவன் சுமப்பது கெட்ட மணத்தை. அவனுக்கு வந்திருக்கும் எச்சரிக்கை எவ்வளவு கடுமையானது என்பது உங்களுக்குத் தெரியும்.

நம் வீடுகளுக்கு எத்தனையோ பேர் திரும்பி வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து கணவர் வருகிறார். ஓதி முடித்து ஆலிமாக மகன் வருகிறான். அவனுடைய பேச்சும் உடையும் நடையும் மாறியிருக்கின்றன. தலாக்கோ குலாவோ பெற்று மகள் தாய்வீடு வருகிறாள். அவள் மேல் வேறொரு வீட்டின் துயரம் ஒட்டியிருக்கிறது. நீண்ட நாள் மருத்துவமனையில் கிடந்த மாமியார் வருகிறார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். வந்தவர் மாறியிருக்கிறார், வீடும் மாறியிருக்கிறது. முதல் வாரத்தில் எழும் சீற்றத்தைப் பார்த்துவிட்டு, இவருக்குப் பாசமே இல்லை, இவள் இனி இங்கே ஒத்துவரமாட்டாள் என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். அந்நேரத்தில் தேவைப்படுவது தீர்ப்பு அன்று. சற்று இடைவெளி, தனி மூலை, இரு பக்கமும் குறையாத கவனிப்பு, நல்ல சொல்லைச் சுமந்துபோகும் ஒருவர், படிப்படியாகத் திறக்கும் ஒரு கதவு. வற்புறுத்திக் கட்டிப்பிடிக்க வைக்கும் அவசரமே பல உறவுகளைக் கெடுக்கிறது.

பூனை வளர்ப்போருக்குச் சில குறிப்புகள்

பூனைகள் உள்ள வீட்டார்க்குப் பயன்படும் சில செய்திகளையும் சொல்லிவிடுகிறோம்.

மருத்துவமனையிலிருந்து வரும் பூனையை மயக்கம் முழுவதும் தெளியும்வரை தனி அறையில் வையுங்கள். கூடைக்குள் வீட்டிலிருந்தே பழைய சாக்கையோ துணியையோ போட்டு எடுத்துச் செல்லுங்கள். வீட்டு மணம் கூடவே போய் கூடவே வரும். முடிந்தால் இரண்டு பூனைகளையும் சேர்த்தே கொண்டுசென்று வருவதும் ஒரு வழி.

இரண்டிற்கும் ஒரே மணம் வரட்டும் என்று அத்தர் பூசாதீர்கள். நமக்கு சுன்னத்தான நறுமணம் பூனையின் உடலுக்கு நஞ்சாகலாம். அத்தரிலும் மூலிகை எண்ணெய்களிலும் உள்ள பல பொருள்களைப் பிரித்து வெளியேற்றும் ஆற்றல் அதன் ஈரலுக்கு மிகக் குறைவு; பூசியதை அது நக்கியே தீரும். ஃபினாயில் கலந்த நீரால் துடைப்பதும் ஆபத்து. வலிக்கிறதே என்று நாம் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுப்பது உயிரையே பறித்துவிடும்.

சண்டையிடும் பூனைகளுக்கு நடுவே கையை நீட்டாதீர்கள். உரக்கக் கைதட்டுங்கள்; இடையில் ஒரு தலையணையையோ அட்டையையோ நுழையுங்கள். அடிக்காதீர்கள், அடித்தால், மற்றப் பூனையைப் பார்க்கும்போதெல்லாம் வலி வருகிறது என்றே அது கற்றுக்கொள்ளும். பூனை கடித்தாலோ கீறினாலோ, மஞ்சள் பற்றுப் போடாமல், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வெறிநாய்க்கடி நோய் பூனையாலும் பரவக்கூடியது. தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். வெள்ளச்சிக்கு வந்ததைப் போன்ற சீழ்க்கட்டி பூனை கடித்த மனிதருக்கும் வரும்.

தம்பி விடுப்பை முழுவதும் முடித்துக்கொண்டு பங்குனிக் கடைசியில் புறப்பட்டார். இம்முறை அவர் உடுத்திய பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் விட்டுச் செல்லும்படி எங்கள் தாயார் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பிள்ளையின் தலையணைக்கு அதுவே உறையாக இருக்கிறது.

பிரிந்திருக்கும் குடும்பங்களை அல்லாஹ் நலமோடு ஒன்றுசேர்ப்பானாக. உறவுகளைச் சீர்செய்வோரின் கூட்டத்தில் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கிவைப்பானாக. நம்மைச் சுற்றி வரும் வாயில்லா உயிர்களின் உரிமையைப் பேணும் மனத்தை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.